ஏரிக்கரையும் தறிக்குழியும்: எடப்பாடி வட்டாரத்தின் பிழைப்பு வரலாறு

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சேர்வராயன் மலைச்சரிவில் தொடங்கும் மேட்டுநிலம் காவிரியை நோக்கிச் சிறுகச் சிறுகத் தாழ்ந்துவரும் வழியில் அமைந்திருக்கும் எடப்பாடி, 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 54,823 பேரைக் கொண்ட ஒரு நகராட்சியாகும். ஊரை ஒட்டிச் சரபங்கா நதி ஓடுகிறது. அந்நதியின் நீரை நம்பிய பெரிய ஏரி ஊரின் விளிம்பில் கிடக்கிறது. மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் பூலாம்பட்டிக் கரையில் காவிரி செல்கிறது. வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள், தமிழ்நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான மேட்டூர் அணை நிற்கிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் இதனை நீர்வளம் மிகுந்த நாடு என்றே கருதுவார். ஆனால் இவ்வட்டாரத்தின் நிலத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் மானாவாரியாகவே, அதாவது வானத்து மழையை மட்டும் நம்பி விதைக்கப்படும் புன்செயாகவே இருந்துவந்துள்ளது என்பதும், இவ்வூரின் வருமானம் வயலிலிருந்து வந்ததைவிடத் தறியிலிருந்து வந்ததே மிகுதி என்பதும் அதன் வரலாற்றைப் படிப்பவர் முதலில் எதிர்கொள்ளும் முரணாகும். நீர் எங்கே நின்றது என்பதைவிட, நின்ற நீர் யாருக்கு உரியதாக வகுக்கப்பட்டது என்பதே இங்குப் பிழைப்பின் வழிகளைத் தீர்மானித்தது.

சரபங்கா, சேர்வராயன் மலையில் இரு கிளைகளாகத் தோன்றி, ஓமலூர்ப் பக்கம் ஒன்றாகி, தாரமங்கலம், எடப்பாடி வட்டாரங்களைக் கடந்து தேவூர் அருகே காவிரியில் சேர்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. மலையில் மழை பெய்தால் பெருகி, சில நாள்களில் வடிந்துவிடும் காட்டாறு. அவ்வாறு வரும் வெள்ளத்தை வழியிலேயே மடக்கி நிறுத்துவதற்காக ஏரிகள் வெட்டப்பட்டன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இவ்வேரிகளில், மேல் ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலிங்கு எனப்படும் கற்கட்டு வழிந்தோடி வழியாகக் கீழ் ஏரிக்குச் செல்லும். கரையின் அடியில் பதிக்கப்பட்ட மதகின் வழியே திறந்துவிடப்படும் நீர் ஆயக்கட்டை, அதாவது அந்த ஏரியின் பாசனத்துக்கென்று கணக்கில் எழுதப்பட்ட நிலத்தை நனைக்கும். ஆயக்கட்டுக்குள் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தவர் நெல் விளைவித்தார்; கரைக்கு அப்பால் மேட்டில் நிலம் வைத்திருந்தவருக்குச் சோளமும் கம்பும் நிலக்கடலையும் ஆமணக்கும் பருத்தியுமே வாய்த்தன. ஒரே ஊரில், ஒரே ஏரியைப் பார்த்தபடி வாழ்ந்த இரு குடும்பங்களின் செல்வநிலை மதகின் உயரத்தால் வேறுபட்டது.

17-ஆம் நூற்றாண்டில் தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் மையமாகக் கொண்டு இப்பகுதியை ஆண்ட கட்டி முதலியார்கள், மதுரை நாயக்கர்களுக்கும் மைசூர் உடையார்களுக்கும் இடைப்பட்ட எல்லைத் தலைவர்களாக இருந்தனர். அவர்களது புகழுக்குத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களே இன்று முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகின்றன. எனினும் அவர்கள் ஆட்சியின் பொருளியல் அடிப்படையைக் கோயிலைவிட ஏரிகளிலும் காவிரிக்கரைக் காவேரிபுரம் கோட்டையிலும்தான் தேட வேண்டும். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் வழியொன்று காவேரிபுரத்தைத் தொட்டுச் சென்றதால், அக்கோட்டையைக் கையில் வைத்திருந்தவர் வணிகப் பொதிகளின் மீது சுங்கம் பெற முடிந்தது. அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் மைசூரின் கை ஓங்கியபின் இந்த எல்லைத் தலைமை மறைந்தது. எடப்பாடியின் முதன்மையான சிவன்கோயில் நஞ்சுண்டேஸ்வரர் பெயரில் இருப்பது அந்த மைசூர்த் தொடர்பை இன்றும் நினைவூட்டுகிறது.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கு நிலத்தை அளந்து, உழுபவரிடமே நேரடியாக வரி விதிக்கும் முறையைச் சோதித்தனர். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இந்நிலமே நாற்றங்கால் ஆயிற்று. ஆயினும் அம்முறை பிறந்த மாவட்டத்திலேயே அது சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது என்பது பலரும் கவனிக்காத செய்தி. 1802 முதல் சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. மிட்டா என்பது சில ஊர்களைச் சேர்த்து ஒருவருக்கு நிலையான வரிக்கு விடப்பட்ட சிறு ஜமீன். அதனை எடுத்தவர் மிட்டாதார். அவர்களுள் பலர் வரியைக் கட்ட இயலாமல் நொடித்தனர். அவர்களது மிட்டாக்கள் மீண்டும் அரசின் கைக்குத் திரும்பின. இந்தக் குழப்பத்தில் இழப்புற்றவை ஏரிகளே. ஏரியைத் தூர்வாருவதும் கரையை உயர்த்துவதும் ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தில் அடங்கியிருந்தன. அரசுக்கும் மிட்டாதாருக்கும் குடிகளுக்கும் இடையே பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தபோது, அவ்வழக்கம் யாருடைய கடமையும் அல்லாததாயிற்று. 1858-இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றிக் குடிமராமத்தை மீட்க முயன்றது. வழக்கத்தைச் சட்டத்தால் உயிர்ப்பிக்க முயன்ற அம்முயற்சி மாகாணம் முழுவதும் பலனளிக்கவில்லை.

அதன் விலை 1876 முதல் 1878 வரையான தாது வருடப் பஞ்சத்தில் கொடுக்கப்பட்டது. 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்தைத் தொடவில்லை. இரு பருவமழைகள் பொய்த்ததே பஞ்சத்தின் உடனடிக் காரணம். ஆனால் தூர்ந்துபோன ஏரிகளில் தேக்கிவைக்க ஏதும் இல்லாமல் இருந்ததும், நூல் வாங்கக் கையில் காசில்லாத நெசவாளரிடம் துணி வாங்கவும் ஆளில்லாமல் போனதும் அதனைப் பெரிதாக்கின. தானியம் விலையேறும்போது முதலில் பட்டினி கிடப்பவர் விளைவிக்காமல் விலைக்கு வாங்கி உண்பவரே என்பதால், நெசவாளர் தெருக்களில் பஞ்சத்தின் கை கடுமையாக விழுந்தது.

நெசவு இவ்வட்டாரத்துக்குப் புதிதாக வந்த தொழிலன்று. செங்குந்தரும், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கரும் சேலத்துச் சமவெளியின் சிற்றூர்களில் பல தலைமுறைகளாகத் தறி வைத்திருந்தனர். கம்பெனி சேலத்தில் வணிக முகவர் ஒருவரை அமர்த்தி, முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்தது. மேட்டு நிலத்தில் விளைந்த பருத்தி, மானாவாரிப் பயிருக்கு இடைப்பட்ட வேலையற்ற மாதங்கள், தண்ணீர் அதிகம் வேண்டாத தொழில் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுகூடின என்று கூறலாம். ஏரி வற்றினாலும் தறி நிற்க வேண்டியதில்லை. ஆகவே ஆயக்கட்டில் இடம் கிடைக்காத குடும்பங்களுக்கும், நிலமே இல்லாத குடும்பங்களுக்கும் தறியே நிலமாயிற்று. பிறப்பால் நெசவாளர் அல்லாத வேளாண் சாதியினரும் காலப்போக்கில் பெருமளவில் இத்தொழிலுக்கு வந்ததற்கு இதுவே அடிப்படை.

பழைய தறி குழித்தறியாகும். வீட்டின் முன்னறையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிகட்டைகளை மாறிமாறி மிதிப்பார். நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிய, அவற்றினூடே குறுக்கு இழையாகிய ஊடையைச் சுமந்த நாடா இடமும் வலமும் பாயும். தறியில் ஏறுமுன் பாவைத் தெருவில் நீட்டியாக வேண்டும். வெயில் ஏறும் முன்பே, தெருவின் இரு கோடிகளிலும் முளையடித்து, இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, அகன்ற தூரிகையால் குடும்பத்தினரும் அண்டை வீட்டாரும் இருபுறமும் நடந்தபடி நீவிவிடுவர். கஞ்சி காய்வதற்குள் இழை ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் யாரும் நகர்வதில்லை. தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பதற்கு ஆயத்தமாக்குவது, வீட்டுப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய வேலையாக இருந்தது. தறியில் அமர்ந்தவருக்கே கூலி கணக்கிடப்பட்டது. தார் சுற்றியவருக்குத் தனிக் கூலி கிடையாது. நெசவுக் குடும்பத்தின் வருமானம் பற்றிய எந்தக் கணக்கிலும் இந்த எழுதப்படாத உழைப்பு விடுபட்டே வந்துள்ளது.

1906-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர் சேலத்தில் அரசு நெசவாலை ஒன்றைத் தொடங்கி, கயிற்றை இழுத்தால் நாடா தானே பறக்கும் விசைநாடாத் தறியை நெசவாளரிடையே பரப்ப முயன்றார். ஒரே கூரையின்கீழ் கூலிக்கு வந்து நெய்வதை நெசவாளர் விரும்பவில்லை. அரசு தொழில் நடத்துவதை இங்கிலாந்திலிருந்த இந்திய அமைச்சரும் விரும்பவில்லை. 1910-இல் ஆலை மூடப்பட்டது. ஆனால் விசைநாடா மட்டும் ஆலையை விட்டு வெளியேறி வீடுகளுக்குள் புகுந்தது. அரசின் திட்டம் தோற்றுக் கருவி வென்ற இந்நிகழ்ச்சி, நெசவாளர் புதுமையை வெறுப்பவர்கள் என்று அக்காலத்து அதிகாரிகள் எழுதிவந்த கூற்றுக்கு நேரான மறுப்பாகும். அவர்கள் மறுத்தது மேற்பார்வையாளரைத்தான்.

நூல் ஆலைகளிலிருந்து வரத் தொடங்கியபின் நெசவாளர், நூல் தந்து துணி வாங்கும் வணிகரைச் சார்ந்தவரானார். இச்சார்பைக் குறைக்கவே 1935-இல் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதுவே பின்னாளைய கோ-ஆப்டெக்ஸ். 1953-இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் தவித்தபோது, தி.மு.க. தலைவர்கள் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதும், தறி அரசியலில் ஒரு பெரும் வாக்கு ஆற்றலாக மாறியதும் இவ்வரலாற்றின் அடுத்த படிகள். அதன்பின் வந்தது விசைத்தறி. பெருநகர ஆலைகள் கழித்துப்போட்ட பழைய தறிகளை விலைக்கு வாங்கி, மின்மோட்டார் பொருத்தி, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஓட்டத் தொடங்கிய வழக்கம் எடப்பாடிக்கும் பரவியது. சேலையும் வேட்டியும் துண்டும் நெய்யும் நாலைந்து தறிகளைக் கொண்ட கொட்டகைகள் வீடுகளின் பின்புறத்தில் எழுந்தன. தனக்கெனத் தறி வாங்க இயன்றவர் சிறு முதலாளியானார். இயலாதவர் கூலிக்கு ஓட்டினார். கூலிக்கு வருபவருக்குத் தறி உரிமையாளர் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பதும், அதனைத் திருப்பிக் கட்டாமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாமல் இருப்பதும் இவ்வட்டார விசைத்தறித் தொழிலின் நிலைத்த வழக்கமாயின. திருமணம், மருத்துவம், வீடு ஆகிய தேவைகளுக்கு வங்கிக் கடன் கிடைக்காத ஒருவருக்கு முன்பணம் ஓர் உதவியே. அது ஒரு கட்டுமாகும். இரண்டில் எது மிகுதி என்பது அந்தந்த ஆண்டின் துணிச் சந்தையைப் பொறுத்தது. 2006-இல் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரத்தை இலவசமாக வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, அதனை 2016-இல் 750 ஆகவும் 2023-இல் 1,000 ஆகவும் உயர்த்தியது. சிறு கொட்டகைகள் இன்றுவரை நிற்பதற்கு அச்சலுகை ஒரு முதன்மைக் காரணம்.

ஏரியையே நம்பிய குடிகளும் இவ்வூரில் உண்டு. உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடிப்பதை மரபுத் தொழிலாகக் கொண்ட பருவதராஜகுலத்தினர் எடப்பாடியில் கணிசமாக வாழ்கின்றனர். ஏரியின் நீர் ஆயக்கட்டுக்காரருக்குச் சொந்தமாக, அந்நீரில் வளரும் மீன் வேறொரு கணக்கில் வந்தது: மீன்பாசிக் குத்தகை எனப்படும் ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்டவருக்கே வலை வீசும் உரிமை. வலையும் பரிசலும் வைத்திருந்தவரிடம் ஏலத்துக்கான பணம் இருப்பதில்லை. பணம் வைத்திருந்தவருக்கு வலை வீசத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மீன்பிடிப்பவர் குத்தகைதாரரின் ஆளாகப் பங்குக்கோ கூலிக்கோ இறங்க நேர்ந்தது. பாசன உரிமையில் நிகழ்ந்த பிரிவினையே மீனிலும் நிகழ்ந்தது.

இக்குலத்தினரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டிருப்பதோ மீனால் அன்று, பழனியால். தைப்பூசத்தையொட்டிக் காவடி சுமந்து பல நாள் நடந்து பழனி சேரும் எடப்பாடிப் பருவதராஜகுலத்தார், 350 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கூறப்படும் மரபுரிமையின்படி, மலைக்கோயிலில் ஓரிரவு தங்குகின்றனர். இராக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியபின் பக்தர் எவரும் மலைமேல் தங்க இயலாத பழனியில், இவ்வுரிமை இவர்களுக்கு மட்டுமே உரியது. மலைமேலேயே வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றைக் கொண்டு டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, பூசையில் வைத்து, பின் ஊருக்குக் கொண்டுவந்து பங்கிடுகின்றனர். பழங்களை உரிப்போர், சர்க்கரை கொட்டுவோர், பிசைவோர், அண்டாவில் சேர்ப்போர் என்று வேலை பகிரப்பட்டிருக்கும் முறையும், வழிச்செலவுக்கும் பொருள்களுக்கும் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் முறையும் ஒரு தேர்ந்த நிறுவனத்தின் ஒழுங்கை ஒத்தவை. ஏரி ஏலத்தில் கை நழுவிய உரிமைக்கு ஈடாக இதனைச் சொல்வது மிகையாகும். ஆனால் நிலவுடைமையும் முதலும் குறைந்த ஒரு குலம், எந்தச் செல்வரும் விலைகொடுத்துப் பெற முடியாத ஓர் உரிமையைத் தலைமுறைகளாகக் காத்துவருவதும், அந்தக் கூட்டமைப்பின் வழியே தனக்குள் கடனும் உதவியும் தொழில் தொடர்பும் பேணிவருவதும் பொருளியல் வரலாற்றுக்குப் புறம்பானவையல்ல.

இனி மேட்டூர். சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே 1924 பிப்ரவரியில் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், 1925-இல் தொடங்கிய அணைக்கட்டு வேலை 1934-இல் முடிந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. கர்னல் எல்லிஸ் வகுத்த திட்டத்தின்படி எழுந்த அவ்வணையின் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. நிரம்பிய நிலையில் நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். அக்கால அளவில் உலகின் பெரிய அணைகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட இக்கட்டுமானம், வெகு தொலைவிலுள்ள தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் 10 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பழைய பாசனத்தை உறுதிப்படுத்தவும், கல்லணைக் கால்வாய் வழியே ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கரைப் புதிதாகப் பாசனத்துக்குக் கொண்டுவரவும் எழுப்பப்பட்டது. அணை நின்ற மாவட்டத்துக்கு அத்திட்டத்தில் பாசனப் பங்கு இல்லை.

பங்கு இல்லாததோடு இழப்பும் சேலத்தின் பக்கத்துக்கே வந்தது. காவேரிபுரம், நாயம்பாடி, சாம்பள்ளி முதலிய ஊர்களின் நிலமும் வீடுகளும் கோயில்களும் நீருக்குள் சென்றன. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல்துறை அருகே ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் பழைய கிறித்தவத் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளிப்படுவதைக் காண மக்கள் திரள்வதும், நாளிதழ்கள் படம் வெளியிடுவதும் வாடிக்கை. அவ்வாறு வெளிப்படும் தரையில் அக்கரையோர மக்கள் கேழ்வரகும் நிலக்கடலையும் சோளமும் விதைத்து, தண்ணீர் மீண்டும் ஏறுவதற்குள் அறுத்துக்கொள்வது அதிகம் பேசப்படுவதில்லை. தம் முன்னோரின் நிலத்தில், அணை வற்றும்போது மட்டும் கிடைக்கும் இச்சாகுபடி, உரிமைப் பத்திரம் ஏதுமில்லாத வேளாண்மை. அணை நிரம்பினால் டெல்டாவுக்கு நல்ல ஆண்டு, இவர்களுக்கு விதைப்பில்லாத ஆண்டு.

மீனிலும் அணை ஒரு கணக்கைத் தீர்த்து வேறொன்றைத் தொடங்கியது. கடலிலிருந்து காவிரியில் எதிர்நீச்சலிட்டு மேலேறி முட்டையிடும் உள்ளம் என்னும் மீன், வெள்ளம் அணையில் அடங்கியதும் ஆற்றில் அருகியது. அதற்கு மாறாக, மீன்துறையினர் வடநாட்டு ஆறுகளின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைத் தேக்கத்தில் விட்டு வளர்த்தனர். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையும் பெருகியது. உரிமம் பெற்ற மீனவர்கள் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் பரிசலில் சென்று வலை விரிக்கும் ஏற்பாடு உருவானதால், ஏரி ஏலத்தில் காணாத ஒரு நிலைத்த உரிமை சில குடும்பங்களுக்கேனும் கிட்டியது. அணை ஈந்த மின்சாரத்தை நம்பி 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனமும், 1965-இல் மால்கோ அலுமினிய ஆலையும் வந்தபின், எடப்பாடிப் பக்கத்து இளைஞர் சிலருக்கு மாதச் சம்பளம் என்பது முதன்முறையாக அருகிலேயே கிடைத்தது.

பாசனத்தில் பங்கு கேட்ட குரலுக்கு விடை 1955-இல்தான் வந்தது. மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயும் மேற்குக்கரைக் கால்வாயும் திறக்கப்பட்டு, முன்னதில் 27,000 ஏக்கரும் பின்னதில் 18,000 ஏக்கருமாக இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நீர் பெற்றது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை தண்ணீர் ஓடும் கிழக்குக்கரைக் கால்வாய், காவிரியை ஒட்டிய தாழ்நிலத்தின் வழியே பூலாம்பட்டி, கோனேரிப்பட்டி, தேவூர்ப் பக்கமாகச் செல்கிறது. ஈர்ப்பினால் மட்டும் ஓடும் கால்வாய் மேட்டில் ஏறாது என்பதால், எடப்பாடி நகரும் அதன் கிழக்கேயுள்ள கொங்கணாபுரம் வட்டாரமும் கோட்டுக்கு வெளியே நின்றன. மதகின் உயரம் முன்பு ஓர் ஊருக்குள் செய்த பிரிவினையைக் கால்வாயின் உயரம் இப்போது ஒரு வட்டத்துக்குள் செய்தது: மேற்கே நெல்லும் கரும்பும் வாழையும் மஞ்சளும், கிழக்கே பருத்தியும் நிலக்கடலையும் ஆடும்.

இரு பகுதிகளும் தத்தம் சந்தையை வளர்த்துக்கொண்டன. காவிரிக்கரைக் கரும்பு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போனதோடு, வயலோரக் கரும்பாலைகளில் வெல்லமாகவும் நாட்டுச் சர்க்கரையாகவும் மாறியது. அகன்ற இரும்புக் கொப்பரையில் சாற்றை ஊற்றி, பிழிந்த சக்கையையே உலர்த்தி அடுப்பெரித்து, பொங்கும் அழுக்கை அள்ளியெடுத்து, பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துவிட வேண்டும். பதம் ஓர் இமைப்பொழுது தவறினாலும் வெல்லம் கசியும், விலை இறங்கும். பொங்கலுக்கு முன் இதன் தேவை உச்சத்தை எட்டும். வெல்ல வணிகம் இவ்வட்டாரத்தில் நிலமுள்ளவரை நகரத்துச் சந்தையோடும் அரசியலோடும் இணைத்த பாலமாக இருந்தது. சிலுவம்பாளையத்தில் பிறந்து, வெல்ல வணிகம் செய்து, 1989-இல் எடப்பாடித் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்று, 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்த எடப்பாடி கே. பழனிசாமியின் வாழ்க்கை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மேட்டுநிலத்துக்குக் கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை. அங்கு ஆடும் சேவலும் கைமாறுவதோடு, திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளையில் பருத்தி மூட்டைகள் பொது ஏலத்தில் விற்கப்படுகின்றன. தரகரின் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய விவசாயிக்கு, எல்லோர் முன்னும் எழுதிக் கொடுக்கப்படும் ஏலச் சீட்டு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, அணைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை. சங்ககிரியில் லாரித் தொழிலும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் வளர்ந்து, இம்மேட்டுநிலத்து ஆண்களை வட இந்தியா வரை கொண்டுசென்றதும் இதே வறட்சியின் விளைவே.

1980-களின் பிற்பகுதியில் அணைக்குக் கீழே காவிரியில் மின்னுற்பத்திக்காகக் கதவணைகள் எழுந்தன. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் நிலையத்துக்கு 30 மெகாவாட் வீதம் மின்சாரம் எடுக்கப்படுகிறது. கதவணை என்பது ஆற்றின் குறுக்கே இரும்புக் கதவுகளைக் கொண்டு நீரைத் தேக்கும் தாழ்வான தடுப்பு. இதனால் முன்பு கோடையில் பாறை தெரிய ஓடிய காவிரி, பூலாம்பட்டியருகே ஆண்டின் பெரும்பகுதியும் ஏரிபோல் நிறைந்து நிற்கிறது. எடப்பாடியின் குடிநீரும் இங்கிருந்தே செல்கிறது. மறுகரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் பரிசலில் கடந்த மக்களும் மாணவரும் சரக்கும் இப்போது விசைப்படகில் கடக்கின்றனர். சாலை வழியே சென்றால் மிக நெடிய சுற்று. விடுமுறை நாள்களில் படகுச் சவாரிக்கும் மீன் வறுவலுக்கும் வரும் வெளியூர்க் கூட்டத்தால் கரையோரக் கடைகள் பெருகின. தென்னையும் நீரும் சூழ்ந்த தோற்றத்தால் குட்டிக் கேரளா என்ற பட்டமும் இவ்வூருக்குச் சேர்ந்தது. பாசனத்துக்கோ மீனுக்கோ அல்லாமல் காட்சிக்காக மட்டும் நீர் வருவாய் ஈட்டுவது இவ்வட்டார வரலாற்றில் புதிது. ஆனால் அணையில் நீர்த்திறப்பு மிகுந்தால் படகு நிறுத்தப்படும். படகு நின்ற நாளில் கடைகளுக்கும் வருமானமில்லை.

எடப்பாடியின் ஏரிகளுக்கு அணைநீரைக் கொண்டுவரும் திட்டம் 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் முதற்கட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 565 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இத்திட்டம், மேட்டூர் அணையின் உபரிநீரைத் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து குழாய்களில் மேலேற்றி, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பகுதிகளின் 100 வறண்ட ஏரிகளை நிரப்புவதற்கானது. 1934-இல் அணை திறந்ததற்கும் இதற்கும் இடையே 86 ஆண்டுகள். ஈர்ப்பால் ஏறாத நீரை மின்சாரத்தால் ஏற்றும் இவ்வேற்பாடு, கால்வாய் வரைந்த எல்லைக்கோட்டை முதன்முறையாகக் கடந்தது என்பதில் ஐயமில்லை. இருப்பினும் உபரி என்னும் சொல்லின் பொருள் தெளிவானது: அணை 120 அடியை எட்டி, அதற்குமேல் வரும் வெள்ளத்தில் ஒரு பகுதியே இவ்வேரிகளுக்கு உரியது. அணை நிரம்பாத ஆண்டில் திப்பம்பட்டி மோட்டார்கள் ஓடுவதில்லை.